ஞாயிறு வேலை, ராத்திரி போன், ஒன்பது வருஷத் தவணை: கர்த்தருக்கு நாம் கொடுப்பது எந்த நேரம்?

பாடாங்செராய்க்காரன்
வியாழன், இரவு 9.50

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இந்த மாதம் மத்தேயு 13 ஓடுகிறது, விதைக்கிறவன் உவமை. வசனம் என்கிற விதை வழியோரத்திலும் கற்பாறையிலும் முள்ளுக்குள்ளும் நல்ல நிலத்திலும் விழுகிற கதை அது. வழியோரத்தைப் பற்றியும் கற்பாறையைப் பற்றியும் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம், முள்ளை மட்டும் பெரும்பாலும் இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் ஆராதனைக்கு வந்து, காணிக்கை போட்டு, பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்து, நாம் சரியாகத்தான் இருக்கிறோம் என்று நினைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த முள் நிலம்தான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. 22-ம் வசனம்: "உலகக்கவலையும் ஐசுவரியத்தின் மயக்கமும் வசனத்தை நெருக்கிப்போடுகிறதினால், அவனும் பலனற்றுப்போவான்."

செத்துப்போவான் என்று சொல்லவில்லை, பலனற்றுப்போவான் என்றுதான் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். மறுநடவு செய்த செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றைச் சுற்றிப் புல்லெடுக்காமல் விட்டால் கொடி ஏறிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் இடமே பச்சைப்பசேலென்று இருக்கும், கிட்டப் போய்க் கொடியை விலக்கினால்தான் கன்று உள்ளே வெளுத்துப்போய் நிற்பது தெரியும், குலை தள்ளுகிற வயதில் குலை தள்ளாது.

நம் ஊரில் அந்தக் கொடி எது? மலேசியாவில் நம் கெடா மாநிலத்துக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளிக்கூடமும் அரசாங்க அலுவலகமும் திறந்துவிடும், அதனால் ஞாயிறு காலையில் குடும்பமாக ஆராதனைக்குப் போவது பலருக்கு முடியாது. அது நம் கையில் இல்லை, சரி. மீதியெல்லாம்? வாரத்தில் கிடைக்கிற ஒரு ஓய்வு நாளிலும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) வருகிறதா என்று சூப்பர்வைசரிடம் நாமாகத்தானே கேட்கிறோம். ஏன் கேட்கிறோம் என்றால் வாசலில் நிற்கிற காருக்கு ஒன்பது வருஷத் தவணை. ராத்திரி வீட்டுக்கு வந்தால் சோறு சாப்பிடும்போதே போன், படுக்கையிலும் போன், கண் தானாக மூடும்வரை போன். அந்த நாளில் கர்த்தருக்கு மிஞ்சுவது தலையணையில் முகம் வைத்துச் சொல்கிற ஒரு வரி ஜெபம்.

பெரிய பாவம் எதுவும் நடக்கவில்லை, அதனால் யாரும் நம்மைக் கண்டிப்பதும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் வீடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வசனம் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், என்ன செய்கிறீர்கள், எந்த நேரத்தில் செய்கிறீர்கள் என்று எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.


ஒளி22
வியாழன், இரவு 10.14

அண்ணே, என் பதில் நேரடியானது. போனைத் தூக்கிப் போடுங்கள். "உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால் அதைப் பிடுங்கி எறிந்துபோடு" என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், கண்ணுக்கே அப்படி என்றால் டிக்டாக்குக்கு என்ன? நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், ஆப் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், புலனம் (வாட்ஸ்அப்) மட்டும் இருக்கிறது, அதுவும் வகுப்புத் தகவலுக்காக. முதல் வாரம் கை பரபரத்தது, அப்புறம் அடங்கிவிட்டது. நேரமில்லை என்று சொல்வதை நான் நம்பமாட்டேன், விருப்பமில்லை என்பதுதான் உண்மை. இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய ஒருவனாலும் கூடாது.


லூனாஸ் அக்கா
வெள்ளி, காலை 8.31

இப்போதுதான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தேன், தூங்கப் போகுமுன் இதைப் படித்தேன், பதில் எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஒளி தம்பி, உங்கள் வைராக்கியம் நல்லது, கர்த்தர் அதைக் காக்கட்டும். ஆனால் "விருப்பமில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே. நான் வேலை செய்வது கூலிம் ஹைடெக் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகல் கொஞ்ச நாள் ராத்திரி கொஞ்ச நாள் என்று மாறி மாறி வரும். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆக, நான் விழித்திருக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் போனே என் கையில் இல்லை, போனைத் தூக்கிப் போட்டால் எனக்கு ஜெபநேரம் கிடைத்துவிடாது. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் துணி, சமையல், மாமியாரின் மருந்து. அதிகாலை நாலரைக்கு எழுந்து ஜெபம் பண்ணுங்கள் என்று பாஸ்டர்கள் சொல்லும்போதெல்லாம், அந்த நேரத்தில் நான் லைனில் நின்று பூதக்கண்ணாடி வழியே போர்டு பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று நினைத்துக்கொள்வேன்.

லூக்கா 10-ல், வீட்டுக்கு வந்த இயேசுவை உபசரிக்க ஓடியாடிய மார்த்தாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெண்களைப் பார்த்தே பேசுகிறார்கள், அதுவும் எனக்கு வருத்தம். அவள் சமைத்ததால்தானே வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள். "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் ஆண்டவர் சொன்னார், சமைக்காதே என்று சொல்லவில்லை. அந்தக் கலக்கம் என்னிடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதை எப்படி எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள், நேரம் ஒதுக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் இப்போது செய்வது ஒன்றுதான். லைனில் என் இரண்டு பக்கத்திலும் யார் நிற்கிறார்களோ அவர்கள் பெயரைச் சொல்லி மனதுக்குள் ஜெபம் பண்ணுவேன். ஒரு பக்கம் நேப்பாளப் பெண், இன்னொரு பக்கம் ஒரு மலாய்க்கார அக்கா. கை பாட்டுக்கு வேலை செய்யும். அதைக் கர்த்தர் கேட்கிறார் என்றே நம்புகிறேன்.


ஒளி22
வெள்ளி, காலை 9.05

அக்கா, உங்களைப் போன்றவர்களை நினைத்து எழுதவில்லை. மன்னிக்கவும். முதலில் தூங்குங்கள்.


குளுவாங் சகோதரன்
வெள்ளி, மதியம் 12.20

ஜோகூரிலிருந்து ஒரு குரல். எங்களுக்கும் 2014-லிருந்து 2024 முடியும்வரை வெள்ளி, சனிதான் வார விடுமுறை, 2025 ஜனவரி 1-லிருந்துதான் சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள். அந்தப் பதினொரு வருஷமும் எங்கள் சபையில் ஆராதனையை வெள்ளிக்கிழமை காலை வைத்தோம், ஞாயிறு ராத்திரி சின்னக் கூட்டம். ஞாயிறு திரும்பி வந்ததும் ஜனம் பெருகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். பெருகவில்லை. அதே முகங்கள்தான் வருகின்றன. ஞாயிறு லீவு இல்லாததால்தான் வரவில்லை என்று சொன்னவர்களுக்கு இப்போது கல்யாண விருந்து, சிங்கப்பூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், பிள்ளைகளின் டியூஷன். ஆகவே கெடாக்காரர்கள் நாட்காட்டியை மட்டும் குறை சொல்லவேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆதி சபைக்கு ஞாயிறு விடுமுறையே கிடையாது, அது வேலை நாள். ஏறக்குறைய 112-ம் வருஷம் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி என்ற ரோம அதிகாரி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களை விசாரித்ததில் தெரிந்ததை அதில் சொல்கிறார்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்துப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டு கலைகிறார்கள், பிறகு மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்கள். ஏன் விடியுமுன்? பகலில் அவர்களுக்கு வேலை. அவர்களில் அடிமைகள் பலர். அவர் பிடித்து வதைத்து விசாரித்ததாக எழுதுகிற இரண்டு பெண்களும் அடிமைகள், சபையில் ஊழியக்காரிகள். லீவு கேட்க யாருமில்லாத பெண்கள்.

ஞாயிறை ஓய்வு நாளாக்கியது கான்ஸ்டன்டைன், 321-ல். அதிலும் பட்டணத்து ஜனங்களுக்கும் நீதிபதிகளுக்கும்தான் ஓய்வு, நிலத்தில் வேலை செய்பவர்கள் வேலை செய்யலாம் என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்த நம் தாத்தா பாட்டிமார் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவர்களுக்கும் லீவு கிடைத்திருக்காது. லூனாஸ் அக்கா, நீங்கள் லைனில் நின்று பண்ணுகிற ஜெபம் அந்தப் பெண்களின் வரிசையில் வருகிறது, அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.


பிஎம் கோயில்பிள்ளை
வெள்ளி, மாலை 5.47

நான் கத்தோலிக்கன், புக்கிட் மெர்தாஜாம். உங்கள் பாஷையில் ஜெபம், எங்களுக்குச் செபம், மற்றபடி பிரச்சினை ஒன்றுதான். ஜூலை வந்தால் புனித அன்னா ஆலயத் திருவிழாவுக்கு எங்கிருந்தெல்லாம் ஜனம் வருகிறது என்று நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், சாலை முழுக்க மெழுகுதிரி. அந்தப் பத்து நாள் பக்தியை நான் கேலி செய்யமாட்டேன், என் அம்மா கால்வலியோடு நடந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் ஆகஸ்ட்டில் அதே ஆட்கள் எங்கே என்று பார்த்தால் மனம் கஷ்டப்படும். வருஷத்துக்கு ஒரு பெரிய பக்தி வைத்துக்கொண்டு மீதி மாதங்களை உலகத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.

எங்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு, மூவேளை செபம். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. கோயில் மணி அடிக்கும், வயலில் நிற்பவன் அப்படியே நின்று சொல்வான், சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. தோட்டத்தில் சின்னக் கோயில் இருந்த இடங்களிலும் மணி அடித்திருக்கிறார்கள். இப்போது நாம் குடியிருக்கிற தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) யார் மணி அடிப்பது? நான் போனில் மூன்று அலாரம் வைத்திருக்கிறேன். ஒளி தம்பி போனைத் தூக்கிப் போடச் சொன்னார், நான் அதைக் கோயில் மணியாக்கிவிட்டேன். பன்னிரண்டு மணி அலாரம் அடிக்கும்போது பெரும்பாலும் லாரியில் இருப்பேன், ஓரமாக நிறுத்த இடமிருந்தால் நிறுத்துவேன், இல்லையென்றால் ஓட்டிக்கொண்டே சொல்வேன்.

இன்னொன்று. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் லாரன்ஸ் என்ற ஒரு கார்மேல் சபைத் துறவி இருந்தார், குருவானவர் இல்லை, மடத்துச் சமையற்கட்டில் வேலை, முன்பு போர்ச்சேவகர், காலில் ஊனம். 1691-ல் இறந்தார். செப நேரத்தில் எப்படியோ அப்படியே சமையல் சத்தத்துக்கு நடுவிலும் கடவுளோடு இருப்பது எப்படி என்பதைப் பழகிக்கொண்டவர் என்பதற்காகவே அவரை இன்றும் நினைக்கிறார்கள். சமையலறை வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அக்காவுக்கு அவர் நெருக்கமாக இருப்பார்.

கடைசியாக, ஞாயிறு வேலை இருப்பவர்களுக்கு: எங்கள் திருச்சபையில் சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமைக்குச் சமம். உங்கள் சபைகளிலும் சனி மாலை ஆராதனை வைக்கச் சொல்லி மூப்பர்களிடம் கேட்டால் என்ன?


பழைய பெரட்டு
வெள்ளி, இரவு 8.55

பேரன் இதைத் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல.

தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். இருட்டோடே பெரட்டு, அதாவது வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்பு, மேற்பார்வை பார்க்கிற தண்டல் பெயர் கூப்பிடுவார், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்னே வெட்ட ஆரம்பித்தாகவேண்டும். அதனால் எங்கள் அம்மா அதற்கும் முன்னால் எழுந்து விளக்கேற்றி, எங்களை எழுப்பிப் பாயிலேயே உட்காரவைத்து, ஒரு சங்கீதம் சொல்லவைப்பார். கண் திறக்காது, வாய் மட்டும் சொல்லும். அப்படிச் சொன்ன சங்கீதம்தான் ஆஸ்பத்திரியில் நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்குப் போன அன்று எனக்கு வாயில் வந்தது, புதிதாக ஒன்றும் வரவில்லை.

ஆனால் தம்பிமார்களே, அந்தக் காலம் பக்தியான காலம், இந்தக் காலம் கெட்டுப்போன காலம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை, நிர்வாகமே அனுமதித்து நடந்தது. சம்பள நாளில் எத்தனை ஆண்கள் நேராக வீட்டுக்கு வந்தார்கள்? வேதப்புத்தகம் கையில் இருந்தவன் அன்று பார்த்தும் பாராமல் கள்ளுக்கடையைத் தாண்டி நடக்கவேண்டும், ஒரே வழி, வேறு வழி கிடையாது. அப்போது கடை ஓரிடத்தில் இருந்தது, இப்போது சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

அப்போது எங்களுக்கு உதவியது இன்னொன்று. லயத்தில் சுவர் பலகை, ஒரு வீட்டில் ஜெபம் பண்ணினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இன்றைக்கு ஏன் உங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை என்று பக்கத்து வீட்டுக் கிழவி கேட்டுவிடுவாள். வெட்கத்துக்காகவாவது ஜெபம் பண்ணினோம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, நாங்கள் தாமானுக்கு வந்தபிறகு கேட்கிற ஆள் இல்லை. சிமெண்டுச் சுவர், கேட்டுக்குப் பூட்டு, ஏர்கோன் போட்டு மூடிய ஜன்னல். நான் ஜெபம் பண்ணினேனா இல்லையா என்று என் சொந்தத் தம்பிக்குத் தெரியாது.


பாடாங்செராய்க்காரன்
வெள்ளி, இரவு 10.30

ஐயா, உங்கள் பலகைச் சுவரைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போராடுகிறோம், அதுதான் குறை என்று தோன்றுகிறது.

ஆனால் தவணையைப் பற்றி நான் முதலில் எழுதியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. போனைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் எளிது, கடனைப் பற்றிப் பேசினால் வீட்டுக்குள் போய்விடும். ஐசுவரியத்தின் மயக்கம் என்றதும் அது பணக்காரனுக்குச் சொன்னது என்று நினைத்துவிடுகிறோம். 2025-லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவன் ஓ.டி. செய்வது பேராசை ஆகாது, பிள்ளைக்குப் பால்மாவு வாங்க ஓ.டி. செய்பவரை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், சொல்பவர்களோடும் சண்டை போடுவேன்.

நான் சொல்வது வேறு. ஓடிக்கொண்டிருந்த பழைய காரை விற்றுவிட்டுப் புதிது எடுக்கிறோம், தங்கச்சி வீட்டில் எடுத்துவிட்டார்கள் என்பதால். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து, பலூன் வளைவு வைத்து, படம் பிடிப்பவரையும் வைத்து, அந்தக் கடனை அடுத்த பிறந்தநாள்வரை கட்டுகிறோம். கையெழுத்துப் போடுகிற அன்று அது வெறும் மாதத் தவணையாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தவணைக்காக எத்தனை ஓய்வு நாளை விற்கப்போகிறோம் என்று பாங்கில் யாரும் சொல்லமாட்டார்கள், நாமும் கணக்குப் பார்ப்பதில்லை. வாரம் ஒரு நாள் ஓய்வு என்று வேலைச் சட்டம் கொடுக்கிறது, வேலை நேரத்தையும் 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். கிடைத்த மூன்று மணி நேரத்தையும் திருப்பிக் கம்பெனிக்கே விற்றுவிட்டோம்.

கடன் எடுக்குமுன் ஜெபம் பண்ணுகிறோம், "கர்த்தாவே லோன் கிடைக்கவேண்டும்" என்று. எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டு ஜெபம் பண்ணுகிறவர்கள் எத்தனை பேர்?


ஒளி22
சனி, காலை 7.40

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், எனக்குச் சரியாக வரவில்லை. தேமாவை நினைத்துப் பாருங்கள். கொலோசெயர் 4-ல் லூக்காவோடு சேர்ந்து வாழ்த்துச் சொல்கிறான், பிலேமோனில் பவுல் அவனை உடன்வேலையாள் என்கிறார். அப்புறம் 2 தீமோத்தேயு 4:10, "தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து, என்னைவிட்டுப் பிரிந்து, தெசலோனிக்கே பட்டணத்துக்குப் போய்விட்டான்." அவ்வளவுதான். என்ன பாவம் செய்தான் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. தெசலோனிக்கே துறைமுகப் பட்டணம், பெரிய சாலை ஓடுகிற இடம், பிழைப்புக்கு நல்ல ஊர். என் வயதுப் பையன்களுக்கு இதைச் சொல்லவேண்டும், நாங்கள் எல்லோரும் படிப்பு முடிந்ததும் கோலாலம்பூர் போகத் துடிக்கிறோம்.


குளுவாங் சகோதரன்
சனி, காலை 8.15

தம்பி, ஊர் மாறுவது பாவமில்லை, அதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சிங்கப்பூரில் வேலை செய்து வீட்டைக் காப்பாற்றுகிற பிள்ளைகள் எல்லாம் தேமா ஆகிவிடுவார்கள். தானியேல் பாபிலோன் அரண்மனையில் உயர்ந்த அதிகாரியாக இருந்தார், அதைவிட உலகம் நிறைந்த இடம் எது? ஆனாலும் ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் வேண்டுதல் செய்யக்கூடாது என்ற கட்டளைப் பத்திரம் கையெழுத்தான அன்று மேலறைக்குப் போய் "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் ஜெபம் பண்ணினார் என்று 6-ம் அதிகாரம் சொல்கிறது. முன்பே பழக்கமிருந்ததால் அன்றைக்கு முழங்கால் தானாக மடங்கியது. பெரட்டு ஐயா ஆஸ்பத்திரியில் சொன்ன சங்கீதமும் இதே விஷயம்தான்.


லூனாஸ் அக்கா
சனி, மாலை 6.10

எல்லோருக்கும் நன்றி. லாரன்ஸ் துறவியைப் பற்றிச் சொன்ன கோயில்பிள்ளை அண்ணனுக்கு விசேஷமாக.

தவணை விஷயத்தை நேற்று வீட்டுக்காரரிடம் பேசினேன். முதலில் கோபம், யார் இதையெல்லாம் எழுதுகிறார்கள் என்றார். அப்புறம் அவரே போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கார் தவணை இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, அதை ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் ஆஸ்ட்ரோவில் பந்து பார்க்கிற பேக்கேஜ், பயன்படுத்தாத ஒரு சந்தா, புதிதாக எடுப்பதாக இருந்த பெரிய பிரிட்ஜ், இந்த மூன்றையும் வெட்டினால் நான் மாதத்தில் இரண்டு ஓய்வு நாள் ஓ.டி.யை விட்டுவிடலாம். பந்தை விடுவது அவருக்கு லேசான காரியமில்லை. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குமேல் ஆரம்பித்து அடுத்தடுத்த ஆட்டம் என்று விடிய விடியப் பார்ப்பார், ஞாயிறு முழுக்க அசதியாகவே இருப்பார். ஒரு மாதம் விட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கலக்கம் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தேன். முழுசாகப் போகவில்லை. ஆனால் ராத்திரி ஷிப்ட் இடைவேளையில் கேண்டீனில் உட்கார்ந்து, நாளைக்கு என்ன செய்யவேண்டும் என்று மனதில் ஓடுகிற எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். பால் பாக்கெட், பள்ளிக் கட்டணம், மாமியாருக்கு கிளினிக் தேதி. ஒவ்வொன்றாக கர்த்தரிடம் சொல்லிவிட்டு மடித்துப் பையில் வைத்தேன். அதன்பிறகு லைனில் நின்று ஜெபித்தபோது நடுவில் பால் பாக்கெட் வரவில்லை.


பிஎம் கோயில்பிள்ளை
சனி, மாலை 6.52

அக்கா, இதுவே பெரிய செபம். திருப்பலிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், உங்கள் வீட்டுக்காரரைக் கருத்தில் வைத்து ஒப்புக்கொடுக்கிறேன்.


பாடாங்செராய்க்காரன்
சனி, இரவு 9.20

போனில் வேதம் வாசிக்கலாமா, புத்தகத்தில்தான் வாசிக்கவேண்டுமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். என் அனுபவத்தில் போனில் வாசிக்கும்போது மூன்றாவது வசனத்தில் மேலே ஒரு செய்தி வந்து நிற்கும், அதைத் தொட்டால் அன்றைக்கு வாசிப்பு முடிந்தது. ஷிப்டில் இருப்பவர்கள், கண் மங்கியவர்கள், பஸ்ஸில் போகிறவர்கள் போனில் வாசிக்கட்டும், கேட்கிற வேதாகமமும் நல்லதுதான். வீட்டில் இருக்கும்போது புத்தகத்தை எடுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதும் ஒரு காரணம், அப்பா கையில் போன் இருந்தால் அவர் வேதம் வாசிக்கிறாரா பந்து ஸ்கோர் பார்க்கிறாரா என்று பிள்ளைக்குத் தெரியாது.

பெரட்டு ஐயா சொன்ன பலகைச் சுவருக்குத் திரும்புகிறேன். சிமெண்டுச் சுவரை இடிக்கமுடியாது, ஆனால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். எனக்குத் தோன்றுவது இது: கெடாவில் வெள்ளி வார விடுமுறை, ஷிப்ட் இல்லாத பலருக்கு அன்று லீவு. வெள்ளி விடியுமுன் பாடாங் செராயிலும் லூனாஸிலும் இருப்பவர்கள் ஒரு வீட்டில் கூடுவோம். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, ஜெபம், அப்புறம் காலைப் பசியாறல். பிரசங்கம் வேண்டாம். எந்தச் சபை என்று கேட்கவேண்டாம். வராதவரை அன்று மதியம் ஒருவர் போனில் கூப்பிட்டு நலம் விசாரிக்கவேண்டும், கண்டிக்கக் கூடாது. ஷிப்ட் காரணமாக வரமுடியாதவர்கள் தங்கள் ஜெபக் குறிப்பை முந்தின நாள் அனுப்பட்டும், பெயர் சொல்லி ஜெபிப்போம்.


பழைய பெரட்டு
சனி, இரவு 9.48

என் வீடு காலியாகத்தான் இருக்கிறது, முன்னறையில் இருபது பேர் உட்காரலாம். நான் எப்படியும் நாலு மணிக்கு எழுந்துவிடுவேன், அந்தப் பழக்கம் போகவில்லை.


லூனாஸ் அக்கா
சனி, இரவு 10.05

ஐயா, வருகிற வெள்ளி எனக்கு ராத்திரி ஷிப்ட் முடிகிற நாள், ஏழு மணிக்குத்தான் வெளியே வருவேன், கம்பெனி பஸ் உங்கள் தாமான் முனையில் நிற்கும். ஜெபம் முடிந்திருந்தாலும் பசியாறலுக்கு வரலாமா?


பழைய பெரட்டு
சனி, இரவு 10.11

வாம்மா. அதென்ன கேள்வி. உனக்காக இன்னொரு சங்கீதம் வைத்திருப்போம். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் அழைத்து வா. இடியாப்பம் சாப்பிடுவார்களா, ரொட்டி வாங்கி வைக்கவா என்று மட்டும் சொல்.